வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார்?

2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் வடிவமைப்பாளர்கள் மாநாடு ஒன்று நடந்தது. ஊரில் ஓட்டல் அறை கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. வீட்டு வாடகை கட்ட வழி தெரியாமல் இருந்த பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு இளைஞர்கள், தங்கள் வீட்டில் காற்றடைத்த மெத்தைகளை விரித்துப் போட்டு, காலைச் சிற்றுண்டியோடு ஓர் இரவுக்கு 80 டாலர் என்று இணையத்தில் அறிவித்தார்கள். மூன்று பேர் வந்து தங்கினார்கள். அவர்களில் ஒருவர் இந்தியர். ஏர்பிஎன்பி என்ற நிறுவனம் அங்கிருந்துதான் தொடங்கியது.

அந்த மூன்று விருந்தினர்களும் தூங்கியபோது வீட்டுக்காரர்களும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். கழிவறைக் குழாய் ஒழுகினால் யாரிடம் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டால் யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஆனால் சில ஆண்டுகளிலேயே தொழிலின் முகம் மாறிவிட்டது. ஒரு முழு வீட்டை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, அதில் யாரும் குடியிருக்காமல், இரவுக்கு இவ்வளவு என்று விடுவது பெருகியது. ஒருவரே ஐந்து பிளாட், பத்து பிளாட் வைத்திருந்தார். சாவி கதவோரப் பெட்டியில் கிடக்கும். எண்ணை அழுத்தி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காமலேயே வந்து தங்கிவிட்டுப் போகலாம்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகின் பெரிய சுற்றுலா நகரங்கள் அடுத்தடுத்துக் கொண்டுவந்த உரிம விதிகள் எல்லாம் இந்த மாற்றத்துக்கான பதில்கள்தாம். நாட்டுக்கு நாடு சட்டத்தின் பெயர் வேறு, கட்டணம் வேறு, அபராதம் வேறு. ஆனால் எந்த ஊர் விதியைப் பிரித்துப் பார்த்தாலும் அநேகமாக ஒரே கேள்விதான் அடியில் கிடக்கிறது: விருந்தினர் தங்கும்போது வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார்?

இதை மிக விரிவாகக் கேட்ட நாடு ஸ்காட்லாந்து. அதன் தலைநகரான எடின்பரோவின் பழைய நகரப் பகுதிகளில் மக்கள் குடியிருப்பது நான்கைந்து மாடி உயரமுள்ள மணற்கல் கட்டடங்களில். தெருவைப் பார்த்து ஒரே ஒரு வாசல் கதவு. உள்ளே நுழைந்தால் பொதுவான கல் மாடிப்படி. அதன் இரு பக்கமும் மாடிக்கு மாடி வீடுகள். சென்னைத் திருவல்லிக்கேணியின் பழைய ஸ்டோர் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை எளிதில் புரியும். ஒரு குடித்தனத்தின் காலடி ஓசை இன்னொரு குடித்தனத்துக்குக் கேட்கும். படியைப் பெருக்குவதும் வாசல் விளக்கைப் பார்த்துக்கொள்வதும் எல்லோருக்கும் பொது.

இப்படிப்பட்ட கட்டடத்தில் இரண்டாம் மாடி வீடும் மூன்றாம் மாடி வீடும் சுற்றுலாப் பயணிகளுக்கு என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும்? நள்ளிரவு தாண்டி விமானத்தில் வந்திறங்குகிறவர்கள் சக்கரப் பெட்டியைக் கல்படியில் மடமடவென்று இழுத்துக்கொண்டு ஏறுவார்கள். எந்த வீடு என்று தெரியாமல் எல்லா அழைப்புமணியையும் அழுத்துவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை முகங்கள் மாறும். வாசல் கம்பியில் சாவிப்பெட்டிகள் கொத்தாகத் தொங்கும். குப்பையை எந்தக் கிழமை எந்தத் தொட்டியில் போடவேண்டும் என்பது வந்தவருக்குத் தெரியாது. சொல்லித்தர வீட்டுக்காரரும் அங்கே இல்லை. ஆகஸ்ட் மாதம் எடின்பரோவின் கலைவிழாக்கள் நடக்கும்போது இதெல்லாம் உச்சத்துக்குப் போகும். நாடகமும் நகைச்சுவையும் பார்க்க உலகமே அங்கு வந்து குவியும் மாதம் அது. 1947இல் தொடங்கிய விழா என்பதால் வருமானத்தின் ருசியும் நகரத்துக்குப் பழகிவிட்டது.

2019இல் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட ஆய்வின்படி ஏர்பிஎன்பி தளத்தில் மட்டும் அந்நாட்டில் சுமார் 32,000 இடங்கள் இருந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானவை எடின்பரோவில். மொத்தமே ஐந்து லட்சம் பேர் வாழும் ஊருக்கு இது சின்ன எண்ணிக்கை அல்ல. ஸ்கை தீவு போன்ற அழகான கிராமப்புறங்களிலும் நெருக்கடி வேறு வடிவத்தில் இருந்தது. அங்கே வேலைக்கு வரும் ஆசிரியருக்கோ நர்ஸுக்கோ வாடகை வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது.

அரசு புதிதாக ஒரு சட்டத்தை எழுத உட்காரவில்லை. 1982ஆம் ஆண்டின் குடிமை நிர்வாகச் சட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. டாக்ஸி ஓட்டுபவர், தெருவோர வியாபாரி, ஜன்னல் துடைப்பவர் ஆகியோருக்கு உரிமம் கொடுப்பது அந்தச் சட்டத்தின்படிதான். குறுகிய கால வாடகையையும் அதற்குள் கொண்டுவரும் ஆணை 2022 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் 2022 அக்டோபர் முதல் உரிமம் இல்லாமல் விருந்தினரை ஏற்க முடியாது. ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தவர்கள் விண்ணப்பிக்க முதலில் கொடுத்த கெடு பின்னர் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டு, 2023 அக்டோபர் 1 என்று முடிவானது. உரிமம் இல்லாமல் நடத்தினால் 2,500 பவுண்டு வரை அபராதம்.

ஓட்டல்களுக்கு இது பொருந்தாது. காலைச் சாப்பாட்டோடு அறை கொடுக்கும் சிறு விடுதிகளிலிருந்து தோட்டத்தில் போட்ட மரக்குடில் வரை மற்றவற்றில் பெரும்பாலானவை இதில் அடங்கும்.

உரிமத்தில் நான்கு வகை. தான் குடியிருக்கும் வீட்டில், தானும் இருந்துகொண்டு, ஓர் அறையைக் கொடுப்பது முதல் வகை. தான் குடியிருக்கும் வீட்டையே, தான் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் விடுவது இரண்டாவது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது மூன்றாவது. தான் குடியிராத வேறொரு வீட்டை முழுக்க முழுக்கப் பயணிகளுக்கு விடுவது நான்காவது. சட்டத்தின் கண் கூர்மையாவது இந்த நான்காவது வகையிடம்தான். எடின்பரோ மாநகர மன்றம் 2022 செப்டம்பர் 5 முதல் நகரம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்தது. குடியிருப்பு வீட்டை இந்த நான்காவது வகைக்கு மாற்ற வேண்டுமானால் உரிமம் மட்டும் போதாது. கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றிக்கொள்ளத் திட்ட அனுமதியும் வாங்க வேண்டும். கல்யாண மண்டபம் கட்ட வாங்கும் அனுமதியும் அதை நடத்த வாங்கும் லைசென்ஸும் வேறு வேறு என்பது நம் ஊரில் தெரிந்ததுதானே, அங்கும் அப்படித்தான் இரண்டும் தனித்தனி மேஜைகளில் முடிவாகின்றன.

விண்ணப்பத்தோடு என்னென்ன சேர்க்க வேண்டும் என்று பார்த்தால், ஒரு வீட்டை அந்நியருக்குக் கொடுப்பதில் எத்தனை ஆபத்துகள் மறைந்திருக்கின்றன என்பது தெரிகிறது. எரிவாயு இணைப்பைத் தகுதி பெற்ற பொறியாளர் ஆண்டுதோறும் சோதித்துத் தரும் சான்றிதழ் வேண்டும். மின் வயரிங்குக்குத் தனி அறிக்கை, கெட்டில், டோஸ்டர் போன்ற கையடக்க மின்சாதனங்களுக்குத் தனிச் சோதனை. கூடத்திலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி, சமையலறையில் வெப்ப எச்சரிக்கைக் கருவி வைத்து, ஒன்று ஒலித்தால் எல்லாமே ஒலிக்கும்படி இணைத்திருக்க வேண்டும். விறகடுப்போ எரிவாயு கொதிகலனோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவியும் தேவை. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இவற்றோடு 50 லட்சம் பவுண்டுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு. எத்தனை பேர் தங்கலாம் என்பதும் உரிமத்தில் எழுதப்பட்டுவிடும்.

பட்டியலில் பலரையும் திகைக்கவைத்த ஒரு வரி லீஜனெல்லா என்ற பாக்டீரியாவைப் பற்றியது. தண்ணீர் தேங்கும் குழாய்களிலும் தொட்டிகளிலும் வளர்வது இது. ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு இதற்கு ஏற்றது. ஷவரைத் திறக்கும்போது பறக்கும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். ஒரு குடும்பம் தினமும் புழங்கும் வீட்டில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் பெரிய பயமில்லை. இரண்டு வாரம் யாரும் வராமல் பூட்டிக்கிடந்து, மூன்றாவது வாரம் ஒருவர் வந்து நேரே ஷவரின் கீழ் நிற்கும் வீட்டில்தான் பிரச்சினை. அதனால் விருந்தினர் வருவதற்கு முன் குழாய்களைத் திறந்துவிட்டுத் தண்ணீரை ஓடவிடுவது, சுடுநீர்த் தொட்டியின் வெப்பத்தைக் கூட்டிவைப்பது போன்றவற்றை வீட்டுக்காரர் யோசித்திருக்கிறாரா என்று அந்த மதிப்பீடு கேட்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கும் குடியிராத வீட்டுக்கும் உள்ள வேறுபாடு தண்ணீர்க் குழாய்க்குள்ளேயே இருக்கிறது.

காகிதங்களைச் சேர்த்துக் கொடுத்தபின் தெருவுக்குத் தெரிய வேண்டும். விண்ணப்பதாரர் தன் கட்டடத்திற்கு அருகில், போவோர் வருவோர் படிக்கும்படி, 21 நாள் அறிவிப்பு ஒட்டி வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். காவல்துறையிடமும் தீயணைப்புத் துறையிடமும் கருத்துக் கேட்பார்கள். விண்ணப்பித்தவர் இதை நடத்தத் தகுந்த ஆள்தானா என்று மன்றம் பார்க்கும். கிடைக்கும் உரிமத்தின் ஆயுள் பொதுவாக அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். உரிம எண்ணை விளம்பரத்தில் போட்டாக வேண்டும். பக்கத்து வீட்டில் குடியிருப்பவருக்கு இதன் மதிப்பு பெரிது. முன்பெல்லாம் இரவு இரண்டு மணிக்கு மேல்மாடியில் பாட்டும் கூத்தும் நடந்தால் யாரைக் கேட்பதென்றே தெரியாது. இப்போது பொறுப்பாளி யார் என்று பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்க முடிகிறது. தொடர்ந்து தொந்தரவு இருந்தால் உரிமத்தையே கேள்வி கேட்கலாம்.

எடின்பரோ மன்றம் இதற்கு மேலும் ஒரு படி போனது. பொது மாடிப்படி உள்ள கட்டடங்களில் நான்காவது வகை வாடகை பொருத்தமற்றது என்பதை முன்முடிவாக வைத்துக்கொள்வோம், பொருத்தம் என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவர் பாடு என்று கொள்கை வகுத்தது. கீழ்வீட்டுக்குக் காலடி ஓசை கேட்காதபடி தரையில் தகுந்த விரிப்பு போட வேண்டும் என்றும் சொன்னது. வீட்டுக்காரர்கள் பணம் திரட்டி வழக்குப் போட்டார்கள். 2023 ஜூனில் ஸ்காட்லாந்தின் உயர்ந்த சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனில் நீதிபதி லார்ட் பிரெய்ட், அந்த முன்முடிவும் தரைவிரிப்பு நிபந்தனையும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். மன்றம் தன் கொள்கையைத் திருத்தியது. உரிமம் என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றது.

இந்த வழக்கில் இரு தரப்புக்கும் சொல்வதற்கு நியாயம் இருந்தது. மாடிப்படியைப் பகிர்ந்து வாழ்பவரின் தூக்கம் சின்ன விஷயமில்லை. அதேசமயம், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் காலியான ஓர் அறையைக் கோடையில் கொடுத்து, குளிர்காலத்துக்குக் கணப்புச் செலவைச் சமாளிக்கும் ஒரு முதியவரும், ஏழெட்டு பிளாட்டை வைத்து நடத்தும் முதலீட்டாளரும் ஏறத்தாழ ஒரே சான்றிதழ்க் கட்டைச் சுமக்க வேண்டியிருக்கிறது. கட்டணத்தை ஒவ்வொரு மன்றமும் தானே நிர்ணயிக்கிறது, ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. தீ எச்சரிக்கைக் கருவியில் சலுகை காட்ட முடியாது, காட்டவும் கூடாது. ஆனால் வீட்டிலேயே இருந்து விருந்தோம்பும் சிறியவருக்கு நடைமுறையை இன்னும் எளிதாக்கியிருக்கலாம். சிறியவர் களைத்துப்போய் விலகினால், களத்தில் மிஞ்சுவது ஆளில்லாத வீடுகளை நடத்தத் தெரிந்த பெரியவர்கள்தாம். சட்டம் எதைக் குறைக்க நினைத்ததோ அதற்கே அது சாதகமாகிவிடும்.

வீட்டுக்காரர் எங்கே என்ற கேள்விக்கு நியூயார்க் கொடுத்த பதில் இதைவிடக் கறாரானது. 30 நாளுக்குக் குறைவாகத் தங்குவதென்றால் வீட்டுக்காரர் உடன் இருந்தே ஆக வேண்டும். பணம் கொடுத்துத் தங்குபவர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. விருந்தினரின் அறைக்கும் மற்ற அறைகளுக்கும் இடையே பூட்டுப் போட்ட கதவு இருக்கக் கூடாது. வீட்டின் எல்லாப் பகுதியிலும் விருந்தினர் நடமாட முடிய வேண்டும். தீப்பிடித்தால் எந்த வழியாகவும் வெளியேற முடிய வேண்டும் என்பது இதன் பின்னுள்ள காரணங்களில் ஒன்று. 145 டாலர் கட்டிப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். கட்டடத்தின் சொந்தக்காரர் விரும்பினால், என் கட்டடத்தில் இதற்கு இடமில்லை என்று மொத்தமாகவே தடைப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

முழு வீட்டைக் குறுகிய காலத்துக்கு விடக்கூடாது என்பது நியூயார்க்கில் புதிய விதியல்ல. பல குடித்தனங்கள் உள்ள கட்டடங்களுக்கு 2010இலேயே மாநிலச் சட்டம் இதைத் தடுத்துவிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் அதை மீறியபடியே இருந்தார்கள். அதிகாரிகள் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினாலும் பிடிபட்டவர் சிலரே. 2022 ஜனவரியில் நிறைவேறி 2023 செப்டம்பரில் செயலுக்கு வந்த நகரின் 18ஆம் உள்ளூர்ச் சட்டம் பிடியை வேறிடத்தில் வைத்தது. பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் இணையதளம் அந்த முன்பதிவுக்குப் பணமே வாங்கக் கூடாது. வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 1,500 டாலர் வரை அபராதம். விதியை மீறும் வீட்டுக்காரருக்கு 5,000 டாலர் வரை. ஏர்பிஎன்பி வழக்குப் போட்டது. 2023 ஆகஸ்டில் அது தள்ளுபடியானது. அதன்பின் தளத்தில் இருந்த குறுகிய கால வீடுகளில் பெரும்பகுதி மறைந்தன, அல்லது 30 நாளுக்குக் குறையாமல் தங்க வேண்டும் என்று தங்கள் விளம்பரத்தை மாற்றிக்கொண்டன.

வாடகை குறைந்ததா? குறையவில்லை. மன்ஹாட்டனில் புதிதாகக் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களின் சராசரி மாத வாடகை 2025இல் 4,500 டாலரைத் தாண்டியது. ஓட்டல் கட்டணமும் ஏறியது. இதை வைத்துச் சட்டம் தோற்றுவிட்டது என்று சொல்வது அவசரம். 2023இல் நகரம் எடுத்த கணக்கெடுப்பில் வாடகைக்குக் காலியாக இருந்த வீடுகள் 1.4 சதவீதம் மட்டுமே. 1968க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. பல பத்தாண்டுகளாகப் போதிய வீடுகள் கட்டாமல் விட்டதன் விளைவை ஒரு வாடகை உரிம விதி தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பதே தவறு. ஒரு கட்டடத்தில் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் இந்த விதியால் மாற்ற முடியும், அதை அது மாற்றியது. இரண்டு குடித்தனம் மட்டுமே உள்ள சிறிய வீட்டில் ஒரு பகுதியில் தானே வாழ்ந்து, மறுபகுதியை விட்டுவந்தவர்களின் மனக்குறை மட்டும் நியாயமானது. மேல்மாடியில் வீட்டுக்காரர், கீழ்மாடியில் விருந்தினர் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அவர் உடன் இல்லாதவரே. அவர்களுக்காக விதியைத் தளர்த்த நகர மன்றத்தில் நடந்த முயற்சிகள் இதுவரை கைகூடவில்லை.

ஜப்பான், வீட்டுக்காரர் உடன் இருப்பது, இல்லாதது என்ற இரண்டு வகையையும் அனுமதித்து, ஆண்டுக்கு 180 நாள் என்று வரம்பு கட்டியது. 2018 ஜூன் 15 அன்று சட்டம் அமலுக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, பதிவு எண் இல்லாத வீடுகளை ஏர்பிஎன்பி தன் தளத்திலிருந்து நீக்கியது. 60,000க்கு மேல் இருந்த இடங்கள் 14,000க்குக் கீழே வந்துவிட்டன. பயணத்துக்குத் தயாராக இருந்த ஏராளமானோர் ஒரே வாரத்தில் தங்குமிடம் இழந்து தவித்தார்கள். வீட்டுக்காரர் உடன் இல்லையென்றால் பதிவு பெற்ற நிர்வாக நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது தேசிய விதி. கோவில்களும் குறுகிய சந்துகளும் நிறைந்த கியோட்டோ நகரம் இன்னும் இறுக்கியது. குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய பகுதிகளில் இந்தத் தொழிலைப் பொதுவாகக் குளிர்காலத்தில், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை மட்டுமே நடத்தலாம். செர்ரி பூக்கும் காலமும் இலை சிவக்கும் காலமும், அதாவது உண்மையில் காசு புரளும் இரண்டு பருவங்களும், அதற்கு வெளியே போய்விட்டன.

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் உரிமம் என்ற பேச்சே இல்லை. தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் இரண்டு வாரத்துக்கு வீட்டை யாருக்காவது விட்டால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றினால், அங்கே அது குற்றம். 2018இல் கொண்டோமினியம் வீடுகளை ஏர்பிஎன்பி வழியாக விட்ட இரண்டு பேருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் விழுந்தது. இப்படித் தொடரப்பட்ட முதல் வழக்கு அதுதான். கட்டடத்தின் 80 சதவீத உரிமையாளர்கள் சம்மதித்தால் அனுமதிக்கலாமா என்று நகரச் சீரமைப்பு ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டுப் பார்த்தது. 2019இல், இப்போதைய விதியே தொடரட்டும் என்று முடிவு செய்தது. கறாரான நிலைப்பாடுதான். ஆனால் குழப்பம் இல்லாதது. தங்குபவருக்கும் விடுபவருக்கும் எல்லை எங்கே என்று தெரிந்திருக்கிறது.

உரிமம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன நகரம் பார்சிலோனா. அங்கே 2014இலேயே புதிய உரிமங்களை நிறுத்திவிட்டார்கள். 2024 ஜூனில் மேயர் ஜவுமே கொல்போனி, இருக்கும் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பரோடு முடித்துவிடப்போவதாக அறிவித்தார். பத்தாண்டில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்பதை அவர் காரணமாகச் சொன்னார். அடுத்த மாதமே அந்த ஊர்த் தெருக்களில் உள்ளூர்க்காரர்கள் ஊர்வலம் போய், உணவகங்களின் வெளியே உட்கார்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள்மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சியடித்த காட்சியை உலகமே பார்த்தது. பணம் போட்டு, விதிப்படி உரிமம் வாங்கி நடத்தியவர்கள் இது தங்கள் சொத்துரிமையைப் பறிப்பது என்றார்கள். ஆனால் இதற்கு அடிப்படையான கட்டலோனிய மாகாணச் சட்டம் செல்லும் என்று ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. உரிமம் என்பது நிரந்தரப் பட்டா அல்ல, அரசு கொடுத்த அனுமதி, காலம் முடிந்தால் புதுப்பிக்காமலும் விடலாம் என்பதை முதலீட்டாளர்கள் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

இந்தியாவில் நிலைமை என்ன? ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகம் வீடுகளில் தங்கும் ஏற்பாட்டுக்கு ஒரு தரச்சான்றுத் திட்டம் வைத்திருக்கிறது. வெள்ளி, தங்கம் என்று இரண்டு தரம். ஓர் அறை முதல் ஆறு அறை வரை, மொத்தம் பன்னிரண்டு படுக்கைக்கு மேல் போகாமல் விடலாம். அதன் அடிப்படை நிபந்தனை, உரிமையாளரோ அவர் குடும்பமோ அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது. கேரளமும் ஹோம்ஸ்டேக்களைத் தரம் பிரித்து அங்கீகரிக்கிறது. தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறையும் பதிவு செய்கிறது. கோவாவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி சுற்றுலாத் தொழில் செய்பவர்கள் பதிவு பெற வேண்டும். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் சுற்றுலா வளர்ச்சி அதிகார சபை இல்லத் தங்கல்களைப் பதிவு செய்கிறது.

உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று எழுத்தில் உள்ள நிபந்தனையோடு ஊட்டியையும் கொடைக்கானலையும் பொருத்திப் பார்த்தால் இடைவெளி கண்ணில் அடிக்கும். மலையில் ஒரு வில்லாவோ காட்டேஜோ வாங்கிப் போட்டவர் இருப்பது சென்னையிலோ பெங்களூரிலோ. வீட்டில் இருப்பது வாட்ச்மேன் ஒருவரும், அழைத்தால் வந்து சமைத்துக் கொடுக்கும் அம்மா ஒருவரும். ஹோம்ஸ்டே என்று பலகை தொங்கும், ஆனால் வீட்டுக்காரரைப் பார்த்தவர் இருக்க மாட்டார். கட்டடத்துக்கு வாங்கிய அனுமதி குடியிருப்புக்கா வணிகத்துக்கா, மின் இணைப்பு எந்த வகை, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். மே மாத விடுமுறைக்கு அங்கே எத்தனை பேர்தான் தங்க முடியும் என்பதற்குக்கூடச் சரியான கணக்கு இல்லாமல்தான் கார்கள் மலையேறிக்கொண்டிருந்தன. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் செய்தது. வாகனத்தைச் சோதனைச்சாவடியில் எண்ணுகிறோம். படுக்கைகளை எண்ணுவதற்குப் பதிவேடு ஒழுங்காக இருந்திருந்தால் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும்.

மலையிலோ கடற்கரையிலோ ஒரு வீட்டை இப்படி விட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை சில உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் சங்கத்தின் விதி இதை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்த வீடாக இல்லாமல் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். உள்ளாட்சி அமைப்பிடமும் சுற்றுலாத் துறையிடமும் பதிவு, தீயணைப்பான்கள், விருந்தினரின் அடையாள அட்டை நகல்களோடு ஒரு வருகைப் பதிவேடு ஆகியவை அடுத்து. வெளிநாட்டவர் யாராவது தங்கினால் அதற்கென்று தனிப் படிவம் ஒன்று இருக்கிறது. அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களை அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஓட்டலுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஓர் அறையை விடும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

தங்கப் போகிறவர் செய்யக்கூடியது எளிது. எடின்பரோவிலோ பார்சிலோனாவிலோ டோக்கியோவிலோ அறை பார்க்கும்போது விளம்பரத்தில் உரிம எண் அல்லது பதிவு எண் இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பணம் கட்டியபின் முன்பதிவு ரத்தாகி, பெட்டியோடு தெருவில் நிற்கும் நிலை வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய ஒழுங்குமுறை, 2026 மே 20 முதல் இதை இன்னும் விரிவாக்குகிறது. பதிவு முறை உள்ள இடங்களில் எண் காட்டும் வசதியை இணையதளங்கள் ஏற்படுத்த வேண்டும், அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், எந்த வீட்டில் எத்தனை இரவு, எத்தனை பேர் தங்கினார்கள் என்ற விவரத்தை அரசுகளுக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் நாடு முழுமைக்குமான அப்படியொரு சட்டம் இல்லை. கொடைக்கானல் காட்டேஜ் ஒன்றைத் தளத்தில் ஏற்றும்போது, பதிவு எண் எங்கே என்று கேட்கும் பொறுப்பு இன்னும் முன்பதிவு செய்பவரிடம்தான் இருக்கிறது.